சந்தாபுராவில் அறை, கே.ஆர். மார்க்கெட்டில் வேலை: இடையில் உள்ள தூரத்துக்கு என்ன உதவி செய்யலாம்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, மாநகராட்சியின் இரவுத் தங்குமிடத்தில் இருக்கும் ஒரு தர்மபுரிக் குடும்பத்துக்கு, ஓசூர் சாலையில் நகருக்கு வெளியே உள்ள சந்தாபுராவில் வாடகை அறை பார்த்திருக்கிறோம். கணவர் கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மனைவிக்கு ஜெயநகரில் இரண்டு வீடுகளில் வேலை. பையன் ஐந்தாவது, பெண் இரண்டாவது படிக்கிறார்கள். போக்குவரத்துக்கென்று 12,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். அதில் பழைய பைக் ஒன்று வாங்கித் தரலாமா?

பதில்: பைக் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணம் முதல் இரண்டு மாத அன்றாடப் பயணத்துக்குப் போகட்டும். தங்குமிடத்திலிருந்து வெளியேறும் குடும்பம் மறுபடி தெருவுக்கு வருவது பெரும்பாலும் வாடகை பாக்கியால். அந்தப் பாக்கிக்குப் பின்னால் பல நேரம் இருப்பது, நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போன வேலை.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு வேலை நாளில், கணவர் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், அந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மார்க்கெட்டில் லோடு இறங்குவது விடியும் முன்பே. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தில், சந்தாபுராவுக்கு அருகிலுள்ள பொம்மசந்திராவில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறினால் மார்க்கெட் வாசலிலேயே இறங்கலாம். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு மெட்ரோ ஓடாது. கட்டணமும் 2025 பிப்ரவரி உயர்வுக்குப் பிறகு தூரத்தைப் பொறுத்து 10 முதல் 90 ரூபாய் வரை; தினக்கூலிக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. ஓசூர் சாலையில் முதல் பேருந்து எப்போது என்று பெங்களூரு மாநகரப் பேருந்துக் கழகத்தின் ‘நம்ம பி.எம்.டி.சி’ செயலியில் பாருங்கள். நிறுத்தத்தில் நிற்பவர்களிடமும் கேளுங்கள். முதல் வண்டியில் போனாலும் லோடு தப்பும் என்றால் இரண்டே வழி: மேஸ்திரியிடம் பேசி அடுத்த லோடுக்கு மாறுவது, இல்லையென்றால் வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் நகருக்குள் அறை தேடுவது. இரண்டாவதே பல நேரம் மலிவாக முடியும். தயங்காமல் யோசியுங்கள்.

அடுத்தது மனைவியின் ஆதார் அட்டை. கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் கிடையாது. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தர்மபுரி முகவரி இருந்தால் முழு டிக்கெட்தான். எத்தனை வருடமாகப் பெங்களூரில் இருந்தாலும் நடத்துநர் பார்ப்பது அட்டையைத்தான். வாடகை ஒப்பந்தம் போடும்போதே அதில் கணவன், மனைவி இருவர் பெயரையும் ஆதாரில் உள்ள எழுத்துகளோடு அப்படியே எழுதச் சொல்லுங்கள். கணவர் பெயர் மட்டும் இருந்தால் முதலில் அவர் முகவரி மாற வேண்டும். பிறகு அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி மற்றவர்கள் மாற்றலாம். அந்த முறையில் அவருடைய கைப்பேசிக்கு வரும் கோரிக்கையை 30 நாளுக்குள் அவர் ஏற்க வேண்டும். சிக்குவது இங்கேதான்: தெருவில் இருந்த காலத்தில் பழைய சிம் தொலைந்திருக்கும், ஆதாரில் இருப்பது அந்த எண்ணாக இருக்கும். அப்படியென்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போய் முதலில் எண்ணை மாற்றுங்கள். முகவரி மாற்றக் கட்டணம் ஒருவருக்கு 75 ரூபாய். மகளுக்கும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அட்டை வந்த பிறகும் கட்டணமில்லாத ‘ஜீரோ டிக்கெட்’டைக் கேட்டு வாங்கி இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம். வஜ்ரா போன்ற ஏசி வண்டிகளில் இந்தச் சலுகை செல்லாது.

கணவருக்குப் பாஸ். 2025 ஜனவரி உயர்வுக்குப் பிறகு சாதாரணப் பேருந்துக்கான நாள் பாஸ் 80, வாரப் பாஸ் 350, மாதப் பாஸ் 1,200 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் மாதப் பாஸில் ஒரு நாளைக்கு 46 ரூபாய் விழுகிறது. ஒரு வழி டிக்கெட் 23 ரூபாயைத் தாண்டினாலே மாதப் பாஸ் லாபம். கையில் மொத்தமாக 1,200 இல்லாதவர் வாரப் பாஸ் எடுத்து நான்கு வாரத்தில் 1,400 கொடுப்பார். நீங்கள் திரட்டிய பணம் உண்மையில் அடைக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். கணவருக்கு இரண்டு மாதப் பாஸும், ஆதார் மாறும்வரை மனைவிக்கு ஒரு மாதப் பாஸும் எடுத்தால் 3,600. டும்மாக் செயலியில் எடுக்கும் பாஸ் கைப்பேசிக்குள் இருக்கும். வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் யாருக்கு எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். சார்ஜ் தீர்ந்துவிட்டால் பாஸைக் காட்ட வழியில்லை; அடுத்தவர் பாஸில் பயணம் செய்யவும் முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் கருத்து தெளிவானது. கல்வியாண்டு முடிய இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் பள்ளியை மாற்றிவிடுங்கள். இரண்டாவது படிக்கும் குழந்தை பேருந்து மாறி இப்போதைய பள்ளிக்குத் தினமும் போய்வருவது கொடுமை. கூட ஒரு பெரியவரும் போக வேண்டும், அதனால் அம்மாவின் வேலை கெடும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் ஐந்தாம் பிரிவுப்படி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது; அது 14-ஆம் பிரிவு. இப்போது தமிழ் வழியில் படிக்கிறார்களா, கன்னட வழியிலா என்பதைக் கேட்டுவிட்டுப் பள்ளியைத் தேடுங்கள். பேருந்தில்தான் போக வேண்டுமென்றால் பையனுக்கு மாணவர் பாஸ் உண்டு. கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி அவன் விவரத்தைப் பதிவேற்றியிருக்காவிட்டால் விண்ணப்பம் நகராது. தலைமையாசிரியரை முன்கூட்டியே பாருங்கள்.

சாமான் ஏற்றுவதற்கு மூன்று சக்கர லோடு ஆட்டோ போதும். கட்டில், பீரோ இருந்தால் குட்டி யானை. நெரிசல் நேரத்தில் நகருக்குள் சில சாலைகளில் சரக்கு வண்டிக்குத் தடை உண்டு. மதியத்துக்குள் சாமானை இறக்கி முடிக்கும்படி நேரம் வையுங்கள். ஏற்றுகூலி, காத்திருப்பு, ஓசூர் சாலை டோல் ஆகியவை வாடகையில் சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள். பின்னால் சாமானோடு ஆள் உட்காரக் கூடாது. ஆதார், ரேஷன் அட்டை, மாற்றுச் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில் மனைவியின் தோளில் இருக்கட்டும்.

ரேஷன் அட்டை தர்மபுரியுடையது என்றால், அரிசிக்காக மாதாமாதம் ஊருக்குப் போகிறார்களா என்றும் விசாரியுங்கள். முன்னுரிமை அட்டையோ அந்தியோதயா அட்டையோ இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சந்தாபுரா நியாய விலைக் கடையிலேயே விரல் வைத்து மத்திய அரசின் தானியத்தை வாங்கலாம்.

பைக் பற்றிய உங்கள் எண்ணம் தவறில்லை, நேரம்தான் தவறு. பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்தே ஓட்டுநர் தேர்வு. ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள், காப்பீடு, பெட்ரோல் என்று செலவு தொடரும். தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் கர்நாடகப் பதிவும் சாலை வரியும் கேட்பார்கள். அறையிலிருந்து பேருந்து நிறுத்தம் இரண்டு மூன்று கிலோமீட்டர் என்றால் மீதிப் பணத்தில் பூட்டோடு ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். விடியற்காலையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் நேரமும் காசும் மிஞ்சும்.