மணம் துகளாகும் விதம்

கேள்வி: ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால், ஊர் மேல் மட்டுமல்ல, காட்டுச் சரிவின் மேலும் நீலமாக ஏதோ மிதக்கிறது. அங்கே ஆலை ஏதும் இல்லையே, அத்தனையும் தூசிதானா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இல்லை, சகோதரி. தூரத்து நீலத்தில் காற்றின் மூலக்கூறுகளுக்கே ஒரு பங்கு உண்டு. நகரத்துப் புகையும் கொஞ்சம் ஏறி வரும். ஆனால் காற்றிலேயே பிறக்கும் துகள்களும் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் இதற்கு இரண்டு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்றை உரித்து, தோலை மடித்து அழுத்துங்கள். பீறிடும் எண்ணெயில் மணப்பது லிமோனீன். அதன் ஆவி காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து, ஆக்சிஜன் அணுக்களை ஏற்றுக் கனத்துப்போகிறது. கனத்த மூலக்கூறுகளால் வாயுவாகவே திரிய முடியாது; ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பைன் மரத்தின் பைனீனும் இப்படித்தான். நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு வெயிலில் கந்தக அமில ஆவியாகி, தொழுவத்திலும் உரமிட்ட வயலிலும் எழும் அம்மோனியாவைச் சந்தித்தால் திரள்வது இன்னும் சுலபம்.

முதல் திரளின் அகலம் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்தப் பருவத்தில் பெரும்பாலானவை கலைந்துவிடும், அல்லது முன்பே மிதக்கும் தூசியில் ஒட்டி மறைந்துவிடும். ஆகவே, தூசி குறைந்த காற்றில்தான் புதுத் துகள் பிழைக்க வாய்ப்பு அதிகம். மழை கழுவிய மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரம் அதற்கு வாகானது.

காட்டின் நீலத்துக்கு மரங்களின் ஆவியே காரணம் என்று 1960-இல் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் எழுதினார். கந்தக அமிலம் இல்லாமல் மர ஆவி மட்டுமே துகளாக முடியும் என்பதை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் எஃகுக் கலனில் செய்த சோதனைகள் 2016-இல் காட்டின. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள் நீலத்தையே அதிகம் சிதறடிக்கும்.

கேள்வி: கண்ணுக்கே தெரியாத இந்தத் துகளால் என்ன ஆகப்போகிறது, ஐயா?
– மாணவர், வாழப்பாடி

பதில்: மேகம் ஆகிறது, தம்பி. துகள் 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர்ந்துவிட்டால், அதன் மேல் நீராவி படிந்து துளியாகும். பிளாஸ்டிக் பாட்டிலில் சிறிது வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு மூடு. அழுத்திப் பிடித்துச் சட்டென்று விடு. உள்ளே வெள்ளையாக மேகம் மூடும். தீக்குச்சியைப் பெரியவர்கள் யாராவது கொளுத்தட்டும். புகை விடாமலும் ஒருமுறை செய்துபார்த்து, என்ன வித்தியாசம் கண்டாய் என்று எனக்கு எழுது.