கில்மேனம் சிறை ஏன் பாழாகக் கிடந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை மாற்றலாகி டப்ளினில் இருக்கிறேன். வார இறுதிகளில் இங்குள்ள வரலாற்று இடங்களைப் பார்த்துவருகிறேன். கில்மேனம் சிறையில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களைச் சுட்டுக்கொன்ற முற்றத்தில் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் 1924இல் மூடிய சிறையை 1960 வரை அப்படியே பாழாக விட்டுவிட்டார்கள் என்று வழிகாட்டி போகிறபோக்கில் சொன்னார். விடுதலை பெற்ற நாடு தன் தியாகிகள் இறந்த இடத்தை ஏன் அப்படி விட்டது? அடுத்து நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேட்டுக்குப் போனேன். ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று ஆசையாகப் போனால், நேற்றுக் கட்டியதுபோல ஒரு வெள்ளைச் சுவர் நிற்கிறது. பின்னால் கான்கிரீட்டாம்! ஒன்றைப் பாழாக விடுகிறார்கள், இன்னொன்றைப் புதிதாகக் கட்டுகிறார்கள். இந்த ஊரில் எதை நம்பிப் பார்ப்பது?

அருண், டப்ளின்

அன்புள்ள அருண்,

அயர்லாந்தில் எந்த நினைவிடத்துக்குப் போனாலும் அது எப்போது கட்டப்பட்டது என்பதோடு, அதைக் காப்பாற்ற எப்போது மனது வந்தது என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது.

1916 மே 3 முதல் 12 வரை கில்மேனத்தில் 14 பேரைச் சுட்டார்கள். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் வைத்துச் சுட்டதைக் கேட்டிருப்பீர்கள். ஜோசப் பிளங்கெட்டுக்கும் கிரேஸ் கிஃபோர்டுக்கும், பிளங்கெட் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைக்குள்ளிருந்த தேவாலயத்தில் நடந்த திருமணத்தையும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கல்யாணத்தோடு கதையை முடித்துக்கொள்வது எல்லோருக்கும் வசதி. ஆனால் அதே கிரேஸ் 1923இல் அதே சிறையில் கைதியாக இருந்தார். இந்த முறை அவரை அடைத்தது பிரிட்டன் அல்ல, டப்ளினில் அமைந்த அயர்லாந்தின் சொந்த அரசு.

1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் தெரிவிக்கும் உறுதிமொழியும் அதில் இருந்தது. ஏற்பதா மறுப்பதா என்று, அதுவரை ஒரே அணியில் துப்பாக்கி ஏந்தியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1922 ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்தப் போரில் புதிய அரசு நிறைவேற்றிய முதல் மரண தண்டனைகள் 1922 நவம்பர் 17 அன்று கில்மேனத்தில்தான் நடந்தன. நான்கு பேர், நால்வரும் இளைஞர்கள். போர் அடங்குவதற்குள் அரசு இப்படிக் கொன்றவர்கள் எழுபதுக்கும் மேல்.

அந்தச் சிறைக்கு யார் மாலை போடுவது? தண்டித்த தரப்பும் தண்டிக்கப்பட்ட தரப்பும் கட்சிகளாகி மாறிமாறி ஆண்ட நாடு அது. 1930களில் இடித்துவிடலாமா என்றுகூட அரசு யோசித்தது. இடிப்பதற்கு ஆகும் செலவைப் பார்த்து விட்டுவிட்டார்கள். பெரிய வரலாற்றுச் சின்னங்கள் சில இப்படி வெறும் சிக்கனத்தால் பிழைக்கின்றன!

தன்னார்வலர்கள் ஒரு சங்கம் அமைத்து, 1960இல் ஆண்டுக்கு ஒரு பென்னி வாடகைக்குச் சிறையை வாங்கி, சம்பளமில்லாமல் மரத்தை வெட்டிக் கூரை போட்டார்கள். வேலை தொடங்கும் முன்பே, 1921க்குப் பிந்தைய எதையும் விளம்பரத்தில் பேசுவதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். எனக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. ஆனால் அது இல்லாதிருந்தால் நீங்கள் நின்ற முற்றமே மிஞ்சியிருக்காது. 1966இல் சிறையை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தவர், அன்று ஒப்பந்தத்தை எதிர்த்த தரப்பிலிருந்த குடியரசுத் தலைவர் டி வலேரா. அங்கே இருந்த கடைசிக் கைதி என்று சொல்லப்படுபவரும் அவரே. இன்று உள்நாட்டுப் போரைப் பற்றியும் அங்கே பேசுகிறார்கள். வழிகாட்டியிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார்.

நியூகிரேஞ்சில் உங்களுக்கு வந்த எரிச்சல் நியாயமானதுதான். தொல்லியலாளர்கள் பலருக்கும் அது உண்டு. 1962 முதல் 1975 வரை அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி, வாசலுக்கு முன்னால் வெள்ளைப் படிகக் கற்கள் குவியலாகக் கிடப்பதைப் பார்த்தார். சுவராக நின்று சரிந்தவை என்று முடிவு கட்டி, கான்கிரீட் துணையோடு மறுபடி நிறுத்தினார். பக்கத்திலேயே நௌத் என்ற மேடு இருக்கிறது. அங்கே அகழாய்வு செய்த ஜார்ஜ் இயோகன், அதே மாதிரிக் கற்கள் தரையில் பரப்பப்பட்டவை என்று கருதித் தரையிலேயே விட்டார். ஒரே ஆற்றங்கரை, ஒரே காலம், இரண்டு விதமான ஊகம். நௌத்தைப் பார்க்காமல் வந்திருந்தால் இன்னொரு முறை போங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அந்த வெள்ளைச் சுவர் ஒருவருடைய கருத்து என்பது புரியும்.

சுவர் மேலுள்ள கோபத்தில் உள்ளே இருப்பதை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கைவிடச் சற்று உள்நோக்கி நீளும்படி அடுக்கிய கல் கூரை அது. ஐயாயிரம் ஆண்டு மழையில் சரியவில்லை. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில், வாசலுக்கு மேலிருக்கும் ஒரு சிறு திறப்பு வழியாகக் காலை வெயில் நடைபாதை முழுக்க ஊர்ந்து உள்ளறை வரை வந்து சுமார் 17 நிமிடம் நிற்கும். 1967இல் உள்ளே உட்கார்ந்து அதைக் கண்டவரும் ஓ'கெல்லிதான். அந்த நாட்களில் உள்ளே போக ஆண்டுதோறும் குலுக்கல் நடக்கிறது. பெயர் கொடுத்துவையுங்கள், காசா பணமா!

அடுத்து எங்கே போகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கில்மேனத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஐலண்ட்பிரிட்ஜ் போர் நினைவுத் தோட்டம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்ததாகக் கணக்கிடப்பட்ட 49,400 அயர்லாந்துப் படைவீரர்களுக்கானது. வடிவமைத்தவர் டெல்லியில் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே லுட்யென்ஸ். 1916 ஏப்ரல் கடைசி வாரத்தில் டப்ளினில் எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது, பிரான்சில் உல்லுக் என்னும் ஊரில் ஜெர்மானியரின் விஷவாயுவில் பிரிட்டிஷ் சீருடை அணிந்த அயர்லாந்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புதிய நாட்டுக்குத் தெரியவில்லை. தோட்டம் 1930களில் தயாராகியும் புதர் மண்டிக் கிடந்து, 1988இல்தான் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. சிறைக்கு நுழைவுச்சீட்டு கிடைக்காமல் திரும்பும் கூட்டத்தில் கால்வாசிப் பேர் அங்கே போனால்கூட நன்றாயிருக்கும். நுழைவுக் கட்டணமும் கிடையாது.

கார் இருந்தால் ரோஸ்காமன் மாவட்டத்தின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஜமீன் மாளிகைக்கும் போய்வாருங்கள். சுமார் இரண்டு மணி நேரப் பயணம். பத்து லட்சம் பேரைக் கொன்ற உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கான அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 1847இல் அந்த ஜமீன்தார் டெனிஸ் மேஹன் 1,490 குடியானவர்களைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார். பலர் வழியிலேயே இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவரையும் சுட்டுக்கொன்றார்கள். பஞ்சம் முடிந்து கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1994இல்தான் அருங்காட்சியகம் வந்தது. அதுவும் நிலத்துக்காக அந்த இடத்தை வாங்கிய உள்ளூர் கேரேஜ்காரர் ஒருவர், மாளிகையில் பஞ்ச காலத்துப் பண்ணைக் காகிதங்கள் கிடப்பதைக் கண்டதால். அங்கே முதலில் மாளிகைக்குள் போங்கள். சமையலறைக்கு மேலே சுற்றி ஒரு மாடம் இருக்கும். வீட்டம்மா கீழே இறங்காமல் அங்கிருந்தே வாரச் சாப்பாட்டுப் பட்டியலைப் போடுவாராம். அதைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள்.