ஃபோன் முதல் பீர் கேன் வரை: விட்ஜெட் சந்தேகங்கள்

கேள்வி: ஆண்ட்ராய்டு ஃபோனில் வானிலை விட்ஜெட் 34 டிகிரி காட்டுகிறது. அதைத் தொட்டு ஆப்பைத் திறந்தால் 31. எதை நம்புவது?

பதில்: ஆப்பை. முகப்புத் திரையில் இருக்கும் விட்ஜெட் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஆப் கடைசியாக எதைக் கொடுத்ததோ அதுதான் அங்கே நிற்கும். விட்ஜெட்டுக்கென உள்ள தானியங்கிப் புதுப்பிப்பை ஆண்ட்ராய்டு அரை மணிக்கு ஒருமுறைக்கு மேல் விடாது. ஒவ்வொரு தடவையும் ஃபோனை எழுப்பினால் பேட்டரி என்னாவது? வேறு வழியில் அடிக்கடி புதுப்பிக்கும் ஆப்களும் உண்டு, ஆனால் பேட்டரி சேவர் போட்டிருந்தால் அதுவும் தள்ளிப்போகும். ஐபோனிலும் அடிக்கடி பார்க்கும் விட்ஜெட்டுக்கே நாளொன்றுக்குச் சுமார் 40 முதல் 70 புதுப்பிப்புகள்தான். விட்ஜெட்டில் பங்கு விலை பார்த்து வாங்கி விற்பவர்கள் ஜாக்கிரதை!

கேள்வி: ஆப் உருவாக்க உதவும் ஃப்ளட்டர் படிக்கிறேன். அதில் பட்டன் ஒரு விட்ஜெட், சரி. இடைவெளி விடும் பேடிங், நடுவில் வைக்கும் சென்டர்கூட விட்ஜெட்டா?

பதில்: ஆமாம். ஃப்ளட்டரில் விட்ஜெட் என்பது திரையில் தெரியும் பொருள் அல்ல, திரை எப்படி இருக்க வேண்டும் என்கிற விவரம். ‘இங்கே இடைவெளி விடு’ என்பதும் விவரம்தானே. பட்டனை அழுத்தினால் எண் கூடும் அந்த முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எண் இருப்பது ஸ்டேட்டில், அதாவது மாறும் தகவலைத் தனியாக வைத்திருக்கும் இடத்தில். விட்ஜெட்டை மாற்ற முடியாது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாகத்தான் உருவாகும். இத்தனை முறை உருவாக்கினால் வேகம் குறையாதா என்று எல்லோருமே கேட்பார்கள். பொதுவாகக் குறையாது. உண்மையில் வரையும் ரெண்டர் ஆப்ஜெக்டுகள் பின்னால் அப்படியே இருக்கும், மாறிய இடம் மட்டும் திருத்தப்படும்.

கேள்வி: பலர் சேர்ந்து திரை வடிவமைக்கும் ஃபிக்மாவில், கூடுதல் வசதியாகச் சேர்க்கும் பிளகினுக்கும் விட்ஜெட்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பிளகின் அதை ஓட்டுபவருக்கு மட்டும். விட்ஜெட் கேன்வாஸிலேயே, அதாவது எல்லோரும் வரையும் பரப்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஓட்டெடுப்பு விட்ஜெட் வைத்தால் ஃபைலில் இருக்கும் எல்லோரும் ஓட்டுப் போடலாம்.

கேள்வி: காஸ்டிங் (தயாரிப்புச் செலவுக் கணக்கு) பாடத்தில் ‘ஒரு கம்பெனி 10,000 விட்ஜெட் தயாரிக்கிறது’ என்று வருகிறது. அது என்ன பொருள்?

பதில்: எந்தப் பொருளும் இல்லை, கணக்குக்காக வைத்த பெயர். விடையிலும் அப்படியே எழுதிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் நிஜத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் விட்ஜெட் தயாராவதில்லையா?

பதில்: தயாராகிறதே! கின்னஸ் பீர் கேனைக் காலி செய்துவிட்டு ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஒன்று கடகடக்கும். பிங்பாங் பந்தைவிடச் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் உருண்டை, அதில் பொடித் துளை. அதற்குப் பெயரே விட்ஜெட். கேனை மூடுவதற்குச் சற்று முன் துளி திரவ நைட்ரஜன் விடுவார்கள். அது ஆவியாகி அழுத்தம் ஏற, வாயுவும் கொஞ்சம் பீரும் உருண்டைக்குள் புகும். கேனைத் திறந்ததும் அழுத்தம் சட்டென இறங்கி, உள்ளே இருப்பது துளை வழியாகப் பீச்சியடிக்கும். அந்தக் கலக்கலில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பி, மதுக்கூடத்தில் குழாயிலிருந்து பிடித்தது போன்ற கெட்டி நுரை கட்டும். 1991-இல் பிரிட்டனில் தொழில்நுட்பத்துக்கான ராணி விருது இதற்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் கேனின் அடியில் பொருத்தியிருந்தார்கள்; குளிராத கேனைத் திறந்தால் பீர் பொங்கி வழிந்தது. மிதக்கும் உருண்டை 1997-இல்தான் வந்தது.