அண்ணாச்சி கடைப் பாக்கி

கேள்வி: அக்கா, எனக்கு 51 வயது. கடையம் பக்கம் ஒரு கிராமம். 1988-ல், எனக்கு 14 வயதிருக்கும்போது, அப்பா எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்துவிட்டார். தாராவியில்தான் வளர்ந்தேன். இப்போது சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வந்ததிலிருந்து ஊர்ப்பக்கம் போகவே இல்லை. அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. வருகிற பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போக ஆசை. ஆனால் வீட்டை அப்போதே விற்றாயிற்று. இப்போது யாருக்கு என்னை அடையாளம் தெரியும்? மனைவிக்கும் மகனுக்கும் அவ்வளவாக இஷ்டம் இல்லை. ‘பழைய ஊர் மனசிலேயே இருக்கட்டும், போய்ப் பார்த்துக் கெடுத்துக்காதே’ என்கிறான் நண்பன். போகலாமா, வேண்டாமா? ஒரு விஷயம், கிளம்பும்போது பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு அப்பா 300 ரூபாய் சொச்சம் பாக்கி. சொல்லிக்கொள்ளாமல்தான் வந்தோம். அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது!
— பெயர் வேண்டாம், மும்பை

பதில்: தம்பி, யாருக்கும் ஞாபகம் இருக்காது என்றால் உங்களுக்கு மட்டும் ஏன் இருக்கிறது? அதுவும் தொகையோடு? கடிதத்தில் முக்கால்வாசி வீட்டையும் ஊரையும் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் உங்களைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது.

போங்கள். அதில் எனக்கு யோசனையே இல்லை.

ஊர் மாறியிருக்குமா என்றால், மாறாமல் என்ன? விலாசமே எத்தனை தடவை மாறிவிட்டது! நீங்கள் பிறந்தபோது அது திருநெல்வேலி மாவட்டம். நீங்கள் கிளம்பின வருஷம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1997-ல் மறுபடி திருநெல்வேலி ஆனது. 2019 நவம்பரிலிருந்து கடையம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நீங்கள் ஏறி வந்த மீட்டர் கேஜ் தண்டவாளமும் இப்போது இல்லை. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு 2012-லேயே அகல ரயில் பாதை வந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம் என்று ஸ்டேஷன் வரிசை மட்டும் அதேதான். வலப்பக்கம் எது வரும், இடப்பக்கம் எது வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றி ஒரு சொந்தக் கதை சொல்கிறேன். 21 வருஷம் கழித்து நான் பிறந்த வளவு வீட்டுக்குப் போனேன். எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு செல்போனில் படம் எடுத்தேன். உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்து, ‘பேங்க்லேருந்து வாரியளா?’ என்றார். இல்லைம்மா, நான் இந்த வீட்டில்தான் பிறந்தேன் என்றேன். அவர் முகம் இன்னும் இறுகிவிட்டது. ‘பத்திரமெல்லாம் எங்க பேர்லதான் இருக்கு’ என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொம்ப நாள் வராதவர் திடீரென்று வந்து நின்றால், ஊரில் முதலில் தோன்றுவது சொத்துதான். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அப்படி வந்து கேஸ் போட்டவர்களும் உண்டே.

புறவாசல் கிணற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். கூட்டிக்கொண்டு போனார். மேலே இரும்பு வலை, பக்கத்தில் மோட்டார். கைப்பிடிச் சுவர்க் கல்லில் மட்டும் கயிறு அறுத்த தடங்கள் ஏழெட்டு, அப்படியே இருந்தன. ஒன்றில் சுண்டுவிரலை வைத்தேன், முழுசாக உள்ளே போயிற்று. அதில் எங்கள் ஆச்சி இறைத்தது எவ்வளவு, அம்மா இறைத்தது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா காப்பியோடு நிற்கிறார்.

அதனால் நீங்கள் போன உடனே, உட்காருவதற்கு முன்னாலேயே, சாமி கும்பிட வந்தேன், ஒன்றும் கேட்க வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் பாருங்கள், பேச்சு தானாக வரும்.

அடையாளம் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. 14 வயதுப் பையனின் முகத்தை 51 வயதில் யார் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் நம் ஊர்களில் உங்கள் பெயரை யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். ‘யாரு மகன்?’ என்பதுதான் கேள்வி. அப்பா பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன அடுத்த நிமிஷம் ‘அந்தப் பாக்கி வச்சிட்டுப் போனவரு மகனா’ என்று எவராவது கேட்டுவிட்டால்? உங்கள் பயம் இதுதானே தம்பி. அதற்கு ஒரே வழி, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே கடைக்குப் போய்விடுவது.

பங்குனி உத்திரம் அன்றைக்கே போய் இறங்காதீர்கள். சென்னை, கோவை, பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கிற ஜனம் அத்தனையும் அன்று சாஸ்தா கோயிலில்தான் நிற்கும். பொங்கல் பானைக்கு நடுவில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு யாரிடம் என்ன பேசுவீர்கள்? மூன்று நாள் முந்திப் போங்கள். தென்காசியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியையும் மகனையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஆனால் கடைக்கு வேண்டாம். குற்றாலத்தைக் காட்டி அவர்களுக்கு ஆசை காட்டாதீர்கள். சாரல் ஆனி, ஆடியில்தான். பங்குனியில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

கடைக்கு மத்தியானம் மூன்று மணி வாக்கில் போங்கள். காலையிலும் சாயங்காலமும் கூட்டம் நிற்கும், நாலு பேர் காதில் விழும். அண்ணாச்சி இருந்தால் நல்லது. இல்லையென்றால் அவர் மகனோ மருமகளோ இருப்பார்கள். கவரில் பணம் போட்டுக் கல்லாவில் வைக்கிற வேலை வேண்டாம். அது கடன் அடைக்கிற மாதிரி இருக்காது, வசதியைக் காட்டுகிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்து 300 ரூபாய்க்கு வட்டி எவ்வளவு என்று கணக்குப் போடவும் வேண்டாம். ‘அப்பா பாக்கி வச்சிட்டுச் சொல்லாம வந்துட்டாரு, குடுக்க வந்தேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவுக்காகச் சமாதானம் எதுவும் சொல்லாதீர்கள். பஞ்சம் பிழைக்கப் போகிறவன் எப்படிப் போவான் என்று பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அநேகமாகப் பணத்தை வாங்கமாட்டார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், அதற்கு மேல் கையில் திணிக்க வேண்டாம். அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற தலைக்கட்டு வரியை யார் பிரிக்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள். அந்த நோட்டில் உங்கள் அப்பா பெயரைப் போட்டு, இந்த வருஷ வரியைக் கட்டிவிட்டு வாருங்கள். அடுத்த வருஷமும் வரி கேட்டு போன் வரும், தயாராக இருங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் பேச்சு எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், ஒரு கிலோ கருப்பட்டி கேளுங்கள். ‘இது சீனி கலக்காததுதானா?’ என்று ஒரு வார்த்தை போடுங்கள். நம் பக்கத்துக் கடைக்காரர் எவரும் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார்.