எம்.எஸ்.டபிள்யூ படிக்காமல் சமூகப்பணி கற்றுக்கொள்ள முடியுமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பி.காம் முடித்து ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார், சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) சேரலாமா, இல்லை வேறு வழியில் அடிப்படையைக் கற்றுக்கொள்ளலாமா என்பது கேள்வி.

வேலையை இப்போதே விடாதீர்கள். கற்க வேண்டிய முதல் பாடம் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது.

ஒரு பிள்ளை அடிக்கடி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விசாரித்தால், அந்த நேரத்தில்தான் மெட்ரோ வாட்டர் லாரி வருகிறது, வீட்டில் குடம் தூக்க வேறு ஆள் இல்லை என்று தெரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசி அந்த ஒரு பிள்ளையை வரவைப்பது ஒரு வகை வேலை, அதுவும் தேவைதான். ஆனால் இன்னும் எத்தனை வீட்டில் இதே நிலை என்று கேட்டுப் பார்த்து, அந்தப் பெண்களையே ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டால், அங்கேதான் சமுதாயப்பணி தொடங்குகிறது. அவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு வரிசையைச் சரிசெய்யலாம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று குறித்துக்கொண்டு போய் ஏரியா பொறியாளருடன் உட்கார்ந்து புது நேரம் திட்டமிடலாம். இரண்டும் பலிக்காவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் திரண்டு நிற்கலாம். அமெரிக்க சமூகப்பணி அறிஞர் ஜாக் ராத்மன் 1968-இல் வட்டார வளர்ச்சி, சமூகத் திட்டமிடல், சமூகச் செயல்பாடு என்று பிரித்துக் காட்டியது இந்த மூன்றையும்தான், இன்றும் வகுப்பில் நடத்துகிறார்கள். எதை எப்போது எடுப்பது என்பது களத்தில்தான் பிடிபடும். ஒன்று மட்டும் கவனம்: மனுவை நீங்கள் எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் தண்ணீர் வரலாம், ஆனால் அடுத்த பிரச்சினைக்கும் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

அப்புறம் நிறுவனப் பக்கம், அதாவது ஒரு சங்கத்தைக் கணக்கு, கூட்டம், தீர்மானம் என்று ஒழுங்காக நடத்துவது. நிறையப் பேர் இதை அலுப்பாக நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் நல்ல மனதோடு தொடங்கிய எத்தனையோ சங்கங்கள் கணக்கும் தீர்மானமும் ஒழுங்காக இல்லாமல்தான் உடைகின்றன. உங்களுக்கோ கணக்கு கைவந்த கலை. பக்கத்தில் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் அனுமதி கேட்டு ஒரு கூட்டத்தில் உட்காருங்கள், தீர்மானப் புத்தகத்தை வாசித்துப் பாருங்கள், யார் பேசுகிறார்கள், யார் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள் என்று பாருங்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும், ஆண்டுப் பொதுக்குழு நடத்த வேண்டும், கணக்கைப் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு சங்கத்தின் துணைவிதிகளை (சங்கம் தனக்கென எழுதிக்கொள்ளும் விதிமுறைகளை) ஒருமுறை முழுதாகப் படித்தால் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று புரிந்துவிடும்.

சரி, எம்.எஸ்.டபிள்யூ? மருத்துவமனை, கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவு, சில அரசுத் திட்டப் பணிகள் என்று போக விருப்பம் இருந்தால் பட்டம் கேட்பார்கள், அப்போது சேருங்கள். இரண்டு வருடப் படிப்பு, பி.காம் தடையில்லை. 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எழும்பூரில் இருக்கிறது, லயோலாவிலும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும்கூட இந்தப் படிப்பு உண்டு. சேரும் முன் களப்பணிக்கு எங்கே அனுப்புவார்கள், யார் கூட இருந்து வழிகாட்டுவார்கள் என்று சீனியர்களிடம் கேளுங்கள். படிப்பின் உயிர் அதில்தான்.

இன்றைக்கே ஒரு களக் குறிப்பேடு தொடங்கிவிடுங்கள், பார்த்ததைத் தனியாகவும் நீங்கள் நினைத்ததைத் தனியாகவும் எழுதுங்கள். யாருடைய கடன், நோய், குடும்பச் சண்டை பற்றியும் பெயர் போட்டு எழுத வேண்டாம். பிள்ளைகளின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.