ஒரு யூனிட் 3.24 வெள்ளி: தண்ணீர் பில் கேள்வி-பதில்

கட்டடக் குழாய், மீட்டர், பம்ப் என்றே சிங்கப்பூரில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். அதனால் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் கைப்பேசியில் பயனீட்டுப் பில்லை நீட்டிவிடுவார். 2025 ஏப்ரலில் இரண்டாம் கட்டக் கட்டண உயர்வு வந்த பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. திரும்பத் திரும்ப வந்த சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, நாங்கள் நாலு பேர், நாலறை வீடு. தண்ணீர்ப் புழக்கத்தில் மாற்றமே இல்லை. ஆனால் பில் போன வருஷத்தைவிட 40 வெள்ளி கூட வருகிறது. தண்ணீர்க் கட்டணம் அவ்வளவா ஏறிவிட்டது? (யீஷூன் வாசகி)

அவ்வளவு ஏறவில்லை, அம்மா. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2023 செப்டம்பரில் அறிவித்த உயர்வு, கனமீட்டருக்கு மொத்தம் 50 காசு. அதில் 20 காசு 2024 ஏப்ரல் 1-இல் ஏறியது, மீதி 30 காசு 2025 ஏப்ரல் 1-இல். மாதம் 40 கனமீட்டர் வரை புழங்கும் வீடுகளுக்கு 2.74 வெள்ளியாக இருந்தது, 2.94 ஆகி, இப்போது 3.24. எல்லாம் பொருள், சேவை வரிக்கு முந்தைய கணக்கு. பேச்சில் நாம் யூனிட் என்பது இந்தக் கனமீட்டரைத்தான். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லிட்டர்.

நாலு பேர் வீட்டில் மாதம் 16 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்ட உயர்வையும் சேர்த்தாலே 8 வெள்ளிதான் கூடும். ஒரு வருஷத்து வித்தியாசம் மட்டும் என்றால் 5 வெள்ளிக்கும் குறைவு. மீதி 35 வெள்ளி வேறெங்கோ இருக்கிறது. நம் பில்லில் மின்சாரம், எரிவாயு, குப்பை அகற்றும் கட்டணம், தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் கட்டி வருவதால், மொத்தத் தொகை ஏறினால் பழி ஏதாவது ஒன்றின் மேல் விழுந்துவிடுகிறது. ஏர்கான் செய்த குற்றத்துக்குக் குழாய் தண்டனை அனுபவித்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெள்ளியை விட்டுவிடுங்கள், யூனிட் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுங்கள். அது 16 என்றே இருந்தால் தண்ணீர் நிரபராதி. 16 போய் 24 என்று நின்றால், கீழே ஒழுகல் பற்றிய பதிலுக்குப் போங்கள்.

பில்லில் தண்ணீருக்கு மூன்று தொகை தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று கழிவுநீருக்காம். நான் மாடிப்படி ஓரத்தில் ரோஜா, மல்லிகைத் தொட்டி வைத்திருக்கிறேன். செடிக்கு ஊற்றும் தண்ணீர் சாக்கடைக்கே போவதில்லையே, அதற்கும் ஏன் காசு? (வூட்லண்ட்ஸ் வாசகர்)

முதலில் அந்த மூன்று தொகைகள். 3.24 வெள்ளியில் தண்ணீரின் விலை 1.43. அதன்மேல் 50 விழுக்காடு தண்ணீர்ப் பாதுகாப்பு வரி, அதாவது 72 காசு. மிச்சம் 1.09 வெள்ளி, பயன்படுத்திய நீரை எடுத்துக்கொண்டு போய்ச் சுத்திகரிக்கும் கட்டணம். ஏறிய 50 காசையும் இப்படியே பிரிக்கலாம்: விலையில் 22, வரியில் 11, கழிவுநீரில் 17.

உங்கள் கேள்வி நியாயமானது. உள்ளே வரும் தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது, வெளியே போவதற்குக் கிடையாது. அதனால் வந்தது அத்தனையும் போனதாகக் கணக்கு. செடிக்கு நீங்கள் தினம் ஒரு பத்து லிட்டர் வாளி ஊற்றினால் மாதம் 300 லிட்டர். அதற்கான கழிவுநீர்க் கட்டணம் 33 காசு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரருக்கு இது சண்டை போடும் தொகை இல்லை. பெரிய தோட்டத்தோடு தரைவீட்டில் இருப்பவர் முறையிட்டால் நான் தலையாட்டுவேன்.

ஆனால் பழைய முறையைவிட இது மேல். 2017 ஜூன் வரை யூனிட்டுக்கு 28 காசும், போதாததற்குக் கழிப்பறைச் சாதனம் ஒன்றுக்கு மாதம் 2.80 வெள்ளியும் கட்டினோம். இரண்டு கழிப்பறை உள்ள வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியும், அதே அளவு வீட்டில் ஆறு பேர் உள்ள குடும்பமும் அந்த 5.60 வெள்ளியைச் சமமாகக் கட்டினார்கள். அந்தத் தலைகீழ்க் கணக்கு 2017 ஜூலையில் ஒழிந்தது.

அந்தக் காசு எங்கே போகிறது என்றால், பெரும்பகுதி நம் காலுக்கு வெகு கீழே. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழச் சுரங்கச் சாக்கடை 2008-இல் கட்டி முடிக்கப்பட்டது. சரிவாகவே போட்டிருப்பதால் கழிவுநீர் தானாக வழிந்து சாங்கி நிலையத்துக்குப் போய்விடும். வழியெல்லாம் பம்ப் வைக்க வேண்டியதில்லை. மேற்குப் பக்கத்துக்கு, துவாஸை நோக்கி இரண்டாம் கட்டம். சாங்கி நிலையத்தில் சுத்தமாகும் நீரில் ஒரு பகுதி மேலும் வடிகட்டப்பட்டு நியூவாட்டராகத் திரும்பி வருகிறது. ஒரே தண்ணீரை இரண்டு முறை புழங்குகிறோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

தண்ணீருக்கே விலை வாங்கிவிட்டு, அதன்மேல் வரியும் எதற்கு? (பொங்கோல் வாசகர்)

1991-இல் வந்த வரி இது. பெயர்தான் குழப்புகிறது. "பாதுகாப்பு" என்றதும் ஏதோ நிதிக்கு நன்கொடை போலத் தோன்றுகிறது. உண்மையில் இது, அடுத்த ஒரு யூனிட் கூடுதலாக வேண்டுமென்றால் அதைச் செய்ய என்ன செலவாகும் என்பதை உங்களுக்கு உணர்த்துவதற்கான வரி.

மழை பெய்து நீர்த்தேக்கத்தில் நிற்கும் தண்ணீர் மலிவு. அது ஒரு அளவுக்குத்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கடல்நீரைத்தான் குடிநீராக்க வேண்டும். உப்பைப் பிரிக்க ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 3.5 கிலோவாட் மணி மின்சாரம் பிடிக்கிறது. 2005-இல் துவாஸில் தொடங்கி இன்று இப்படி ஐந்து ஆலைகள் இருக்கின்றன. மின்சாரம், ரசாயனம், கட்டுமானம் மூன்றும் விலை ஏறியதே இந்த உயர்வுக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. வரி விழுக்காட்டுக் கணக்கில் இருப்பதால், விலை ஏறினால் வரியும் சத்தமில்லாமல் கூடவே ஏறுகிறது. இன்னொன்று, 2000-லிருந்து 2017 வரை கட்டணத்தைத் தொடவே இல்லை. அப்புறம் இரண்டே கட்டத்தில் 30 விழுக்காடு ஏற்றினார்கள். பதினேழு வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக ஏற்றியதால்தான் 2017-இல் மக்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே குடும்பக் கணக்குக்கு நல்லது.

ஜொகூர் தண்ணீரை ஆயிரம் கேலன் 3 சென்னுக்கு வாங்குகிறோமே. நமக்கு மட்டும் ஏன் இந்த விலை? (காப்பிக்கடை விவாதம் ஒன்றிலிருந்து)

இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் காப்பிக்கடை மேசையும் முழுமையாகாது. 3 சென் உண்மைதான். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 மலேசியக் காசு. ஆயிரம் கேலன் என்பது நம் கணக்கில் நாலரை யூனிட்.

ஆனால் அது ஆற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் இல்லை. சுத்திகரிப்பு நிலையம், பாலத்தைத் தாண்டி வரும் பெருங்குழாய், வீடு வரை உள்ள குழாய்கள் எல்லாம் நம் செலவு. ஆற்றில் நீர் நிலையாக ஓட வேண்டும் என்பதற்காக லிங்கியு நீர்த்தேக்கத்தையும் சிங்கப்பூர்தான் கட்டியது, 1995-இல். சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு ஜொகூருக்கே திருப்பி விற்கிறோம். சுத்திகரிக்கும் செலவு அதைவிட அதிகம் என்பது சிங்கப்பூரின் வாதம்.

அந்த ஆறும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2016-இல் லிங்கியு அணையின் நீர் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒப்பந்தமோ 2061-இல் முடிகிறது. கடல்நீர் ஆலைகளை நெருக்கடி வந்த பிறகு கட்ட முடியாது. அந்தச் செலவில் ஒரு பங்கைத்தான் இப்போது கட்டுகிறோம்.

மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஏழு பேர். 40 யூனிட் தாண்டினால் விலை கூடுமாமே, கூட்டுக் குடும்பத்துக்குத் தண்டனையா? (பிடோக் வாசகி)

தாண்டினால் கூடும். விலையும் அதிகம், வரியும் 65 விழுக்காடு. அந்த 40 வீட்டுக்கானது, ஆளுக்கானது இல்லை என்பதும் சரிதான். ஆனால் 2023 கணக்குப்படி சிங்கப்பூரில் ஆளுக்கு நாளுக்குச் சராசரி 141 லிட்டர். ஏழு பேருக்கு மாதம் 30 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பயப்பட வேண்டாம்.

மூன்று மாதமாகத் தண்ணீர் யூனிட் இரட்டிப்பு. குழாய் எதுவும் சொட்டவில்லை. (சுவா சூ காங் வாசகர்)

இரண்டு இடத்தில் பாருங்கள். முதலில், பில்லில் உள்ள அளவு மதிப்பீடா, நிஜமாகவே படித்ததா? வழக்கமான மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஆள் வந்து படிப்பார். இடைப்பட்ட மாதம் உத்தேசக் கணக்கு. குறைத்து மதிப்பிட்டது அடுத்த மாதம் சேர்ந்து வரும். ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து இரட்டிப்பு என்றால் அது மதிப்பீட்டுக் கோளாறு இல்லை.

அடுத்த சந்தேகம் கழிப்பறைத் தொட்டி. என் வீட்டிலேயே நடந்தது. சத்தம் இல்லை, தரையில் ஈரம் இல்லை, ஆனால் மாதம் ஆறு யூனிட் காணாமல் போனது. குழாய்க்காரனான எனக்கே கண்டுபிடிக்க இரண்டு பில் ஆனது என்றால் மனைவி என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு படுக்கும் முன் வாசலுக்கு வெளியே உள்ள மீட்டரைப் படம் எடுங்கள். கறுப்பு எண்கள் கனமீட்டர், சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ள லிட்டர்கள். யாரும் குழாயைத் தொடாமல் காலையில் மறுபடி பாருங்கள். சிவப்பு எண் நகர்ந்திருந்தால் ஒழுகல் உறுதி. அப்புறம் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரை எடுத்துத் தொட்டி நீரில் கலந்துவிட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது. அதை மாற்றினால் போதும், தொட்டியையே மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம். மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒழுகுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெம்பனிஸ், தெங்கா, ஜூரோங் வெஸ்ட் போன்ற வட்டாரங்களில் திறன் மீட்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒழுகல் இருந்தால் கைப்பேசிக்கே எச்சரிக்கை வந்துவிடும்.

வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பயனீட்டுப் பில்லுக்கு அரசாங்கம் தரும் யூ-சேவ் தள்ளுபடி எங்களுக்கு உண்டா? (செங்காங் வாசகர்)

முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தால், குடியிருப்பவர்களில் ஒருவராவது சிங்கப்பூரராக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் பில்லில் தானாகக் கழிந்துவிடும்.

என் மாமியார் அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறார். சமையலறை முழுக்கப் பாத்திரம். உண்மையில் எவ்வளவு மிச்சம்? (ஹவ்காங் வாசகி)

ஒரு லிட்டர் மூன்றில் ஒரு காசு. தினம் மூன்று லிட்டர் சேர்த்தால் மாதம் 30 காசு. உங்கள் வீட்டில் யாராவது ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் பாட்டுப் பாடுகிறார்களா? நிமிஷத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவர் என்றால் 90 லிட்டர், 29 காசு. மாமியார் ஒரு மாதம் சேர்ப்பது ஒரே குளியலில் போய்விடும். முதலில் ஷவர் தலையை மாற்றுங்கள். வீவக வீடுகளுக்கு 2024-இல் 300 வெள்ளியும் 2025-இல் மேலும் 100 வெள்ளியுமாகப் பருவநிலைக்கு உகந்த வீட்டுச் சாதனப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். தண்ணீர் சிக்கன ஷவரும் அதில் வாங்கலாம்.

அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு நல்லது. அவர் ஊற்றட்டும்.