பல்லுக்குக் கம்பி போடுவதைத் தவிர ஆர்த்தோடாண்டிஸ்ட் வேறு என்ன செய்கிறார்? அதற்குத் தனி டாக்டர் தேவையா?

இரண்டேகால் வருடம் கிளிப் போட்டிருந்தவள் நான். தேவை என்றுதான் சொல்வேன். பல் மருத்துவம் முடித்த பிறகு மேலும் 2, 3 வருடம் இதையே படித்து வருகிறவர் அவர். கம்பி மாட்டுவது அந்த வேலையில் சின்னப் பகுதி. பல்லுக்கு இடம் கண்டுபிடிப்பதும், எலும்பு தாங்குகிற வேகத்தில் அதை நகர்த்துவதும்தான் பெரிய பகுதி.

எனக்கு மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல். அதை மட்டும் உள்ளே தள்ளிவிடுங்கள் என்று போய் நின்றேன். "தள்ளலாம்மா, எங்கே தள்ள?" என்று கேட்டு, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். பக்கத்துப் பற்கள் இரண்டும் அதன் பின்னால் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றன. இடமே இல்லை.

அன்றைக்கு வாயில் எதையும் மாட்டவில்லை. முழு வாய்க்கும் ஒரு எக்ஸ்ரே, தலையைப் பக்கவாட்டில் வைத்து இன்னொன்று, பற்களின் அச்சு, போட்டோக்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கோடும் கோணமும் போட்டு, இரண்டு தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்கிறார்கள். சிலருக்குக் கோளாறு பல்லில் இருக்காது, தாடையில் இருக்கும். அதற்கு வைத்தியமே வேறு. எனக்கு மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டும் என்றார். நல்ல பல்லைப் போய் எடுப்பதா என்று அழுகையே வந்துவிட்டது. எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. சிலருக்குப் பல்லின் பக்கங்களை இம்மியளவு தேய்த்தாலே போதும்.

கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுதான் பிராக்கெட். அதை ஒட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அமில ஜெல்லைத் தடவி, கழுவி, காற்றடித்ததும் பல்லின் பளபளப்பு போய் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தது. அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்குமாம். ஒவ்வொன்றையும் பல்லில் வைத்து, கூர்முனைக் கருவியால் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, திருப்தியான பிறகே பசையை இறுக வைக்கும் நீல விளக்கைக் காட்டினார். பிராக்கெட் கொஞ்சம் பிசகி ஒட்டினால் பல்லும் பிசகித்தான் நிற்கும்.

முதலில் மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பி, பிறகு தடித்த ஸ்டீல் கம்பி. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். "இன்னும் இறுக்குங்களேன், சீக்கிரம் முடியட்டும்" என்று ஒருமுறை கேட்டேன். மறுத்துவிட்டார். கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது அப்படித்தான். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அளவுக்கு மீறி அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று நகர்வு தாமதமாகும், வேரே கரையவும் கூடும்.

கழற்றியதோடு விடவும் மாட்டார்கள், பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்க ரிட்டெய்னர் என்ற சாதனம் தருவார்கள். ஈறின் நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்க்கும். எனக்குக் கழற்றி நாலு வருடமாகிறது. தினமும் இரவில் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டு மாட்டியபோது பல்லெல்லாம் இறுகி வலித்தது.